முள்ளை நம்பாதவர்

அவர் வண்டியில் ஏறுவதற்கு முன்னால் குனிவார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் குனிவுதான். மற்ற டிரைவர்கள் கதவைத் திறந்து, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு உட்காருவார்கள். இவர் வண்டியின் முன்பக்கம் போய், ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, தலையைச் சாய்த்து அடியில் பார்ப்பார். முந்தின நாளே என்ஜினுக்கு நேர்கீழே ஓர் அட்டையைப் போட்டுவைத்திருப்பார். டைல்ஸ் வந்த பெட்டியிலிருந்து கிழித்த அட்டை. காலையில் அதை உருவி எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார். சொட்டு விழுந்திருந்தால் விரலால் தொட்டு முகர்வார். கறுப்பு என்றால் ஆயில். நிறமில்லை என்றால் ஏசி தண்ணீர். ரோஸ் நிறமாக இருந்து இனிப்பாக வாசம் வந்தால் அது என்ஜினைக் குளிரவைக்கிற கூலன்ட்.

அட்டை சுத்தமாக இருந்தால் அவர் முகம் தெளியும் என்று நினைப்பீர்கள். தெளியாது. அட்டையைத் திருப்பி மறுபக்கமும் பார்ப்பார். இது நேற்று நாம் போட்ட அட்டைதானா என்று யோசிப்பவர் மாதிரி கொஞ்ச நேரம் நிற்பார்.

“எல்லாம் சரியா இருக்குதாண்ணா?” என்று கேட்டால் அவரிடமிருந்து வருவது ஒரே ஒரு சொல்தான்.

“இப்பத்திக்கு.”

நான் அப்போது விழுப்புரத்தில் டைல்ஸும் குளியலறைச் சாமான்களும் விற்கிற ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தேன். திண்டிவனத்தில் அதற்கு ஒரு கிளை. செவ்வாயும் வெள்ளியும் நான் அங்கே போய்ச் சரக்கு இருப்பைச் சரிபார்த்துவிட்டு வரவேண்டும். கிளையைப் பார்த்துக்கொண்டவர் முதலாளியம்மாவின் தம்பி. என் கணவருக்கு அவரிடம்தான் கிடங்கில் வேலை.

முதலாளிக்குக் கார் என்றால் பித்து. சென்னையில் யாரோ சில வருஷம் வைத்திருந்து விற்ற வெளிநாட்டு வண்டி ஒன்றை வாங்கினார். வேகம் கூட்டுகிற டர்போ இரண்டு வைத்த என்ஜின். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். கடைக்கு வருகிற கட்டடக் கான்ட்ராக்டர்கள் டைல்ஸைப் பார்க்கிறதுக்கு முன்னால் வாசலில் நிற்கிற அந்த வண்டியைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். அதை ஓட்டவும் பார்த்துக்கொள்ளவும் தெரிந்த ஆள் வேண்டும் என்று விசாரித்து இவரைக் கொண்டுவந்தார்கள். ஊர் பிரம்மதேசத்துப் பக்கம். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி, பளபளவென்று ஒரு பழைய தீக்காயம். சென்னைப் பக்கம் பந்தய வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருந்தவர் என்று சிலர் சொன்னார்கள். ஏதோ ஒரு முதலாளியின் வண்டியைக் கொளுத்திவிட்டு வந்தவர் என்று வேறு சிலர் சொன்னார்கள். கையைப் பார்த்தால் இரண்டாவதைத்தான் நம்பத் தோன்றும்.

ஒரு மாதம் போயிருக்கும். முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஆள் வேலை தெரிந்தவன்தான், ஆனால் ஏனோ தனக்குச் சரியாகப் படவில்லை என்றார். “வாரத்துல ரெண்டு நாளு நீ கூடப் போறவ. ஒரு கண்ணு வெச்சுக்கம்மா.”

அப்படித்தான் நான் அந்த வண்டியின் பின்சீட்டில் ஒற்றராக உட்கார ஆரம்பித்தேன்.

பார்த்ததெல்லாம் சந்தேகப்படும்படியாகவே இருந்தது. வண்டியைக் கிளப்பினால் உடனே நகர்த்த மாட்டார். நகர்ந்த பிறகும், முண்டியம்பாக்கம் தாண்டுகிற வரை அறுபதுக்கு மேல் போக மாட்டார். அத்தனை பெரிய வண்டியைக் காய்கறி ஏற்றின மினி லாரிகள் ஒலியெழுப்பிக்கொண்டு தாண்டிப் போகும். திண்டிவனத்தில் கடை வாசலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு என்ஜினை நிறுத்த மாட்டார். இரண்டு நிமிஷம், சில நாள் மூன்று நிமிஷம் அது சும்மா ஓடிக்கொண்டே நிற்கும். ஏசி காற்றில் உட்கார்ந்து சுகம் காண்கிறான் என்று முதலாளியம்மாவின் தம்பி சொல்லுவார். ஆனால் நான் பார்த்தபோதெல்லாம் ஏசியை நிறுத்திவிட்டு, வெளியே வெயிலில் நின்று, பானட் பக்கம் காதைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். எத்தனை நிமிஷம் என்று போனில் குறித்துக்கொண்டு போய் முதலாளியிடம் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. காரணத்தை அதுவரை நான் டிரைவரிடம் கேட்டதே இல்லை.

பிறகு ஒரு நாள் கேட்டேன். ஆயில் சூடேறுவதற்கு முன்னால் இந்த மாதிரி என்ஜினை மிதித்தால் உள்ளே தேய்ந்துபோகும் என்றார். ஓடி வந்த சூட்டோடு சட்டென்று நிறுத்தினால் டர்போவுக்குள் ஆயில் ஓட்டம் நின்று அங்கேயே கருகும் என்றார். சூடு குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். தொண்ணூறிலிருந்து நூறு டிகிரிக்குள் அதை வைத்துக்கொண்டு போவதுதான் வேலையாம்.

“அதான் முள்ளு காட்டுதே” என்றேன். டாஷ்போர்டில் சூடு காட்டுகிற முள் எப்போதும் சரியாக நடுவில் நிற்கும்.

“அப்டி சொல்லுது” என்றார்.

பேச்சை நம்ப முடியாத ஒரு மனிதரைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார். பிறகு அவராகவே விளக்கினார். “எழுபத்தஞ்சுலயும் அது நடுவுலதாம்மா நிக்கும். நூத்தஞ்சுலயும் நடுவுலதான் நிக்கும். ஓட்டறவன் பயந்துக்கினே இருக்கக் கூடாதுன்னு அப்டி பண்ணி வெச்சிருக்காங்க. அது நெசத்தச் சொல்ற நேரத்துக்கு உள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்.”

முள்ளை மட்டுமல்ல, அவர் யாரையும் நம்பவில்லை. ஓட்டலில் சாப்பிட மாட்டார். வீட்டிலிருந்து கேப்பைக் களியோ சோறோ டப்பாவில் வரும். பெட்ரோல் போடும்போது கூடவே நிற்பார். ரோஸ் நிறக் கூலன்ட் கேனைப் பூட்டு போட்ட பெட்டிக்குள் வைத்து, பெட்டியை டிக்கிக்குள் வைத்திருந்தார். யாராவது ஒரு விஷயம் சொன்னால் “பாத்தீங்களா?” என்று கேட்பார். பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன் என்றால் அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுவார்.

ஒருமுறை முதலாளியம்மா டாஷ்போர்டுப் பெட்டியில் பில் எதையோ தேடப் போய், சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டில் ஒன்றை எடுத்தார். அவர் அந்த நிறம் போடுவதில்லை. இரண்டு நாள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பாட்டிலை என் மேசையில் வைத்து, இது உன்னுடையதா என்று கேட்டார். நான் இல்லையென்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே டிரைவர் உள்ளே வந்தார். பாட்டிலைப் பார்த்தார். எங்கள் இருவரையும் வாசலுக்குக் கூட்டிப்போய் பானட்டைத் திறந்தார்.

கூலன்ட் தொட்டியின் மூடியிலிருந்து தொட்டியின் கழுத்து வரைக்கும் மெல்லியதாக ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார். யாராவது திறந்து மூடினால் மூடியில் இருக்கிற பாதிக் கோடும் கழுத்தில் இருக்கிற பாதிக் கோடும் சேராது. பெயின்ட் சூட்டில் உரிந்துவிடுகிறதாம். அதனால் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஃபேன்சி கடையில் போய் இதை வாங்கியிருக்கிறார்.

“இத யாருய்யா தொறக்கப் போறாங்க?” என்றார் முதலாளியம்மா.

“யாருன்னு தெரிஞ்சா கோடு எதுக்குங்கம்மா?”

முதலாளியம்மாவுக்குச் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் அந்தப் பதில் பிடிக்கவில்லை. அந்த வீட்டில் யாரோ ஒருவர் திருட்டுத்தனமாகத் திறப்பார் என்று டிரைவர் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றுதானே அதற்கு அர்த்தம்.

அடுத்த சண்டை இன்னும் பெரியது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கறுப்பு டப்பா செருகியிருப்பதை முதலாளியம்மாவின் தம்பி பார்த்தார். அதில் பச்சை விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. காருக்குள் பேசுவதை ஒட்டுக்கேட்கிற கருவி என்றார் அவர். போட்டிக் கடைக்காரர்கள் யாரோ இவரை அனுப்பியிருக்கிறார்கள் என்றார். டிரைவர் தன் போனை எடுத்துக் காட்டினார். அதில் 94 என்று ஓர் எண் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 95 ஆனது. என்ஜினின் உண்மையான சூட்டை அந்த டப்பா போனுக்கு அனுப்புகிறது, முள் மறைப்பதை இது மறைக்காது என்று விளக்கினார். முதலாளி தயங்கினார். தம்பி விடவில்லை. கழற்றச் சொன்னார்கள். டிரைவர் வாதாடாமல் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்கு அந்த முள்தான் மிஞ்சியது. அதற்கப்புறம் ஓட்டும்போது அவர் மூக்கை அடிக்கடி உறிஞ்சுவதைக் கவனித்தேன். சளி என்று நினைத்தேன். வாசம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஓர் அமாவாசைக்கு முதலாளியம்மா மேல்மலையனூர் போனபோது நானும் கூடப் போனேன். அங்காளம்மன் கோயிலுக்கு வந்த கூட்டத்தில் வண்டி நிறுத்த இடமில்லை. மல்லாட்டை பிடுங்கின ஒரு கொல்லையில் எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள். காய்ந்த நிலக்கடலைக் கொடி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. இவர் அங்கே நிறுத்த மாட்டேன் என்றுவிட்டார். இந்த வண்டியின் அடியில் இருக்கிற புகைக்குழாய் அடுப்பு மாதிரி சூடாக இருக்கும், கொடியில் பட்டால் பிடித்துக்கொள்ளும் என்றார். ஒரு கிலோமீட்டர் தள்ளித் தார்ரோட்டு ஓரத்தில் நிறுத்தினார். பட்டுப்புடவையோடு முதலாளியம்மா வெயிலில் நடந்தார். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே நடந்தார். சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது அந்தக் கொல்லையைப் பார்த்தோம். ஐம்பது வண்டிகள் நின்றன. ஒன்றும் எரியவில்லை.

அவருடைய பேஜாரே அதுதான். அவர் தடுத்தது எதுவும் யார் கண்ணுக்கும் தெரியாது. நடந்தது, தாமதமானது, வெயிலில் நின்றது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அன்று திரும்பி வரும்போது, முதலாளியம்மா தூங்கிய பிறகு, கையில் என்ன காயம் என்று கேட்டுவிட்டேன். பந்தயத் திடலில் ஒரு வண்டி கொதித்து வந்து நின்றதாம். கூட வேலை பார்த்தவர் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆறிவிட்டது, மூடியைத் திறக்கலாம் என்றாராம். இவர் திறந்தாராம். உள்ளே அடைத்துக் கிடந்த கொதிதண்ணி பீறிட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

“அவரு வேணும்னு சொல்லலம்மா. நல்ல மனுஷன்தான். நாந்தான் தொட்டுப் பாக்காம நம்பிட்டேன்.”

அதைச் சொல்லும்போது குரலில் கோபம் இல்லை. அவர்மேல் எனக்கு அன்று முதல்முறையாக ஒரு பிரியம் வந்தது. ஆனாலும் மறுநாள் காலை, அமாவாசை விஷயத்தை முதலாளியிடம் சொல்லத்தான் செய்தேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. டிரைவருக்கு விடுமுறை நாள். நான் வளவனூரில் என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். கோலியனூர் கூட்டுரோட்டில் பஸ் நின்றது. சாலையோரம் எங்கள் முதலாளியின் வண்டி, பானட் திறந்து, வெள்ளையாக ஆவி கிளப்பிக்கொண்டு நின்றது. முதலாளியம்மாவின் தம்பி டீக்கடை டிரம்மிலிருந்து பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து என்ஜினுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் சிநேகிதர்கள் இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். புதுச்சேரி ரோட்டில் வேகம் காட்டியிருப்பார்கள். பஸ் கிளம்பியபோது அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தாரா என்று எனக்கு நிச்சயமில்லை.

மறுநாள் காலையில் நிச்சயமானது. திண்டிவனத்தில் முதலாளியம்மாவின் அக்கா மகளுக்கு வளைகாப்பு. துணைக்கு என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். முதலாளி வீட்டு வாசலில் நான் நின்றபோது தம்பி என் பக்கத்தில் வந்தார்.

“நேத்து பஸ்ஸுல போனீங்க போல” என்றார்.

“ஆமாங்க” என்றேன்.

“உங்க வீட்டுக்காரரு நல்லா வேலை செய்யறாரு. சொல்லணும்னு நெனச்சேன்.”

அவ்வளவுதான் பேச்சு. டிரைவர் அப்போது பத்தடி தூரத்தில் பானட்டைத் திறந்து குனிந்திருந்தார்.

அவர் நிமிர்ந்து, முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினார். கோடு சேரவில்லை. தொட்டி நிறைந்துதான் இருந்தது, ஆனால் ரோஸ் நிறம் வெளுத்துப்போயிருந்தது. யாரோ கொதிக்கவிட்டு, உப்புத் தண்ணியை ஊற்றியிருக்கிறார்கள், பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பார்க்காமல் இந்த வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாது, வேறு வண்டியில் போகலாம் என்றார். தம்பி சிரித்தார். தினமும் திறந்து பார்ப்பவனே நீதானே, உன்னைத் தவிர யார் தொடப் போகிறார்கள் என்றார். முதலாளி எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். அக்கா வீட்டு வாசலில் மனைவி அந்த வண்டியில்தான் போய் இறங்க வேண்டும் என்று அவருக்கு. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம், மெதுவாகப் போ என்றார்.

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. வளைகாப்பு முடிந்து, மூன்று மணி வெயிலில் திரும்பினோம். கூட்டேரிப்பட்டு வரும்போது டிரைவர் மூக்கை உறிஞ்சினார். எனக்கும் ஏதோ பாகு காய்ச்சுகிற வாசம் வந்தது. அவர் ஏசியை நிறுத்தி ஹீட்டரைப் போட்டார். சித்திரை வெயிலில் ஹீட்டர். முதலாளியம்மா பதறி, என்ன செய்கிறாய் என்றார். அவர் காற்று வருகிற இடத்தில் உள்ளங்கையை வைத்தார். அடுத்த நொடியே வண்டியை ஓரம்கட்டி நிறுத்திவிட்டார்.

“ஹீட்டர்ல பச்சக் காத்து வருதும்மா. உள்ள சூடு இருக்குது, ஆனா அதச் சொமந்துக்கினு வர்றதுக்குத் தண்ணி இல்ல.”

“முள்ளு நடுவுலதானே இருக்கு?”

“இருக்கட்டும்மா. இறங்குங்க.”

முள் நடுவில்தான் இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். இம்மியும் நகராமல் நடுவில் இருந்தது.

முதலாளியம்மா தம்பிக்குப் போன் போட்டார். கிளைக் கடையின் வேனில், அதன் டிரைவரோடு, கால்மணி நேரத்தில் வந்து இறங்கினார் தம்பி. வந்ததும் இரண்டு பாட்டில் தண்ணீரை ஊற்றினார். சாவியைக் கேட்டார். இழுவை வண்டி வரச்சொல்லலாம், ஓட்டக் கூடாது என்றார் டிரைவர். வண்டியை ஓடவிடாமல் செய்வதே இவன் தொழில் என்று தம்பி கத்தினார். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

இவர் சாவியைத் தம்பியிடம் கொடுக்கவில்லை. முதலாளியம்மாவிடம் நீட்டினார். “வண்டி உங்குளுது. யாருகிட்ட வேணும்னாலும் குடுங்க. ஆனா நீங்க அதுல ஏறாதீங்க.”

முதலாளியம்மா சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வேனில் ஏறிக்கொண்டார். நானும் டிரைவரும் பின்னால் ஏறினோம். அந்த வண்டி எங்களைத் தாண்டிப் பாய்ந்து போனது. பத்து நிமிஷத்தில் முதலாளியம்மாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் தம்பியின் குரல் உற்சாகமாக வந்தது. முள் கீழே இறங்கிவிட்டது, என்ஜின் ஜில்லென்று ஆகிவிட்டது, அந்தாளிடம் சொல்லு என்றார்.

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நிறுத்தச் சொல்லுங்கம்மா. ஜல்தி. தண்ணி சுத்தமா போயிட்டா முள்ளுக்குத் தொட்டுப் பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. அதான் எறங்குது.”

முதலாளியம்மா சொல்வதற்குள் போன் கட்டாகிவிட்டது. விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு முன்னால் அந்த வண்டியைப் பார்த்தோம். என்ஜின் இறுகி, நடுச்சாலையில் நின்றுபோயிருந்தது. பின்னால் வந்த லாரி ஒன்று மயிரிழையில் ஒடித்துத் திரும்பி, தடுப்பில் உரசி நின்றிருந்தது. தம்பி வெளுத்துப்போய்ச் சாலையோரம் உட்கார்ந்திருந்தார். டிரைவர் முதலில் லாரிக்காரரிடம் போய் அடிபட்டதா என்று கேட்டார். பிறகு வண்டிக்கு வந்து, குனிந்து, அடியில் பார்த்தார். சொட்டுகூட இல்லை.

அன்று மாலை முதலாளி எல்லோரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார். டிரைவர் உள்ளே போய் வெகுநேரம் இருந்தார். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். தம்பியும் அறையில் இருந்தார்.

“ஞாயித்துக்கெழமை நம்ம வண்டிய நீ எங்கயாவது பாத்தியாம்மா?” என்றார் முதலாளி.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி என்னிடம் ஏன் கேட்கிறார் என்று ஒரு நொடி திகைத்தேன். தம்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திண்டிவனம் கிடங்கில் சட்டையில்லாமல் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும் என் கணவர் நினைவுக்கு வந்தார்.

“இல்லீங்க” என்றேன்.

மறுநாள் டிரைவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். கடையில் பேசிக்கொண்டது, அவரே மூடியைத் திறந்து ஏதோ செய்துவிட்டு, முன்கூட்டியே சொன்னது மாதிரி நாடகமாடினார் என்பதுதான். முன்கூட்டியே தெரிந்ததே அவர்மேல் குற்றமாகிவிட்டது. ஒட்டுக்கேட்கிற கருவி, நெயில் பாலிஷ், பூட்டு போட்ட பெட்டி எல்லாம் மறுபடி பேச்சில் வந்தன. என்ஜினைச் சும்மா ஓடவிட்ட நிமிஷங்களும் வந்தன. அவை நான் குறித்துக் கொடுத்தவை.

வண்டியைச் சென்னைக்குக் கொண்டுபோய் என்ஜினைப் பிரித்தார்கள். இரண்டு மாதம் கழித்துச் சேதி வந்தது. உள்ளே உப்பு படிந்திருந்ததாம். அதோடு, எந்த நாள் எத்தனையாவது கிலோமீட்டரில் சூடு எல்லை தாண்டியது என்று வண்டியின் கம்ப்யூட்டரிலேயே பதிந்திருந்ததாம். முதல் பதிவு ஞாயிற்றுக்கிழமை. நான் சொல்லாததை வண்டி சொல்லிவிட்டது. தம்பியை யாரும் ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை. புது என்ஜின் வைத்து வண்டி வரப்போகிறது, அந்த ஆளைப் போய்க் கூப்பிட்டுப் பாரம்மா என்று முதலாளி என்னை அனுப்பினார்.

மரக்காணத்திலிருந்து மீன் ஏற்றிப் போகிற வண்டி ஒன்றை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில், வேப்பமரத்து நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, தன் ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்காரச் சொல்லி இடம் விட்டார்.

“மொதலாளி அனுப்பினாரா, நீங்களா வந்தீங்களா?” என்று கேட்டார்.

“அவருதான் அனுப்பினாரு. ஆனா ஒண்ணு நானா சொல்லணும்ணா. அந்த ஞாயித்துக்கெழமை கோலியனூர்ல நான் பாத்தேன். அவரு தண்ணி ஊத்தறதப் பாத்தேன்.”

“தெரியும்மா” என்றார். “மறுநாளு அவரு உங்ககிட்ட பஸ்ஸப் பத்திப் பேசினப்ப நான் அங்கதான் இருந்தேன். உங்க மொகம் மாறிச்சு. அதான் மொதலாளிகிட்ட, அந்தம்மா பாத்திருக்காங்க, அவங்களக் கேளுங்கன்னு சொன்னேன்.”

எனக்கு அது அதுவரை தெரியாது. அந்த ஒரு நொடி திகைப்புக்கு இப்போதுதான் காரணம் கிடைத்தது.

“கேட்டாருண்ணா” என்றேன். “நான் இல்லைன்னு சொல்லிட்டேன்.”

அவர் ஃபிளாஸ்க் மூடியைத் திருகினார். மறுபடி கழற்றினார். மறுபடி திருகினார்.

“அவரு உங்களக் கேக்கவே இல்லன்னுல்ல நான் நெனச்சுக்கினு இருந்தேன்” என்றார்.

என்னால் தலை நிமிர்த்த முடியவில்லை. ஐஸ் உருகுகிறது என்று சொல்லி அவர் எழுந்தார். வரவில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிடும்படி சொன்னார். என் கணவர் சௌக்கியமா என்று விசாரித்தார். வண்டியைச் சுற்றிப்போய்க் குனிந்து பார்த்துவிட்டு ஏறினார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

அன்றைக்கே விழுப்புரம் திரும்பி, முதலாளியின் அறைக்குப் போனேன். அவர் மட்டும் இருந்தார். டிரைவர் வரமாட்டாராம் என்றேன். பிறகு, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தேன், பொய் சொல்லிவிட்டேன் என்றேன். என் வேலையும் கணவர் வேலையும் அதோடு போய்விடும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தெரியும்மா” என்றார். “அந்தாளு உம் பேரச் சொன்னப்பவே தெரியும். சும்மா ஒரு பேரச் சொல்ற ஆளா அவன்?”

“அப்ப ஏங்க என்னக் கேட்டீங்க?”

“நீ இல்லைன்னுதான் சொல்லுவேன்னு தெரிஞ்சுதான் கேட்டேன்” என்றார். பிறகு, போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார்.